வேகமாகப் போனவர்களின் வக்கீல்

அவசரமாகப் போனவர்களுக்காக ஆற அமர வாய்தா வாங்குவதுதான் என் தொழில்.

மைசூரில் பதினாறு வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். பாகப்பிரிவினை, நிலத் தகராறு என்று பெரிய வழக்குகளாக நடத்தப்போகிறோம் என்ற நினைப்பில்தான் தமிழக எல்லையோரத்து ஹனூரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே அறை பிடித்தேன். வந்த புதிதில் ஒரு டாக்ஸிக்காரருடைய வேக அபராதத்தைக் கோர்ட்டில் தள்ளுபடி செய்ய வைத்தேன். என் கெட்ட நேரம், அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. டாக்ஸி ஸ்டாண்டு முழுக்க ‘ஸ்பீடு கேஸ் லாயரம்மா’ என்று பெயர் பரவிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பாகப்பிரிவினைகூட என் மாடிப்படி ஏறவில்லை.

உங்களுக்கும் அந்தக் குறுஞ்செய்தி வந்திருக்கும். காலையில் காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போது போன் சத்தம் போடும். வண்டி எண், தேதி, இடம், நீங்கள் போன வேகம், கட்ட வேண்டிய தொகை. உடனே நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. போயிருந்தாலும் மெதுவாகத்தான் போனேன். வேகமாகவே போயிருந்தாலும், எனக்கு முன்னால் போனவன் இன்னும் வேகமாகப் போனான். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு படியேறி வருகிறவர்கள்தான் என் கட்சிக்காரர்கள். என்னோடு சேர்ந்து இந்த அவதியைப் படுகிற இன்னொரு ஜீவன் என் குமாஸ்தா மஞ்சுநாத். வயது ஐம்பத்தைந்து. நான் மஞ்சண்ணா என்று கூப்பிடுவேன். அவருக்கு வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மௌனம்.

எழுபத்தொன்று

திருநாராயணன் சார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மேலுகோட்டைப் பூர்வீகம். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் கோடு போட்ட நோட்டு. ஐம்பது கிலோமீட்டர் வேகம் மட்டுமே அனுமதித்த சாலையில் அவருடைய கார் அறுபத்து நான்கில் போனதாக அபராதச் சீட்டு வந்திருந்தது. சார் சிரித்தே விட்டார். அந்தக் காருக்கு இருபத்து மூன்று வயது. அதன் எஞ்சின், எடை, அன்றைக்கு வண்டியில் இருந்த ஆட்கள், மேட்டுச் சாய்வு எல்லாவற்றையும் எழுதி, நான்கு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு, “ஐம்பத்திரண்டுக்கு மேல இந்த வண்டியால முடியவே முடியாதும்மா” என்று கடைசி வரியின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

கோர்ட்டில் ஒன்றைச் சொல்வதற்கு முன் நாமே சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது என்பது நான் அடிபட்டுக் கற்ற பாடம். எண்பது வரை போகலாம் என்று பலகை வைத்த சாலையாகப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். சார் ஓட்ட, நான் பக்கத்தில், மஞ்சண்ணா பின்சீட்டில் போனில் வேகம் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு. “நன்னா மிதிக்கிறேன், பார்த்துக்கோங்கோ” என்று சார் மிதித்தார். கார் ஒருமுறை இருமியது. கதவுகள் நடுங்கின. “நாற்பது” என்றார் மஞ்சண்ணா. “ஐம்பது.” சார் பெருமையாகத் தலையாட்டினார். “ஐம்பத்தெட்டு.” தலையாட்டல் நின்றது. “அறுபத்தாறு. எழுபத்தொன்று, சார், போதும்!” என் முன்னால் இருந்த சின்னக் கதவு தானாகத் திறந்து, பழைய இன்ஷூரன்ஸ் காகிதமெல்லாம் என் மடியில் கொட்டியது.

ஓரமாக நிறுத்தினார். நான்கு பக்கக் கணக்கும் போச்சே என்று நான் வாயைத் திறக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சார் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “அபராதத்தை நாளைக்கே கட்டிடறேம்மா. இதை அடுத்த மாசம் விக்கறதா இருந்தேன், இனிமே யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்!” என்றார்.

பின்னாலிருந்து எடுத்த படம்

வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டால் சொல்ல வேண்டிய பொறுப்பு வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. சட்டம் எழுதியவர்கள் கல்யாணமானவர்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சுதாவும் ரகுவும் ஒரே காரில் வந்து, படியில் தனித்தனியாக ஏறி, என் அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். கார் சுதா பெயரில். படத்தில் காரின் பின்புறம் மட்டும் இருந்தது. “இவர்தான் மேடம், இவருக்குத்தான் கால்ல கல்லு கட்டின மாதிரி மிதிக்கிற பழக்கம்” என்றார் சுதா. “இவங்கதான் மேடம், ஆபீஸுக்கு எப்பவும் லேட்டு” என்றார் ரகு. அதிலிருந்து தொடங்கி மாமியார் வீட்டு விசேஷம், போன தீபாவளி, பெண் பார்க்க வந்த அன்று ரகு குடித்த காபி வரைக்கும் போய்விட்டார்கள். ஒரு மாதமாக வீட்டில் இதுவேதானாம். இரண்டு பேருக்கும் இடையில் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு மஞ்சண்ணா வெளியே போய் நின்றுகொண்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “இரண்டு பேரும் போனை எடுங்க. அந்தத் தேதியில் யார் எங்கே இருந்தீங்கன்னு பாருங்க” என்றேன். தேடினார்கள். ரகுவின் போனில் அன்று காலை வந்த ஒரு செய்தி கிடைத்தது. உங்கள் கார் சர்வீஸுக்குப் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று இருந்தது. மறுநாள்தான் வண்டியைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். படம் எடுக்கப்பட்ட நேரத்தில் ஒர்க்‌ஷாப் ஆள் யாரோ பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதை ஓட்டிப்போயிருக்கிறார். ஒர்க்‌ஷாப்காரர் போனிலேயே ஒப்புக்கொண்டார், ஓட்டியவரின் பெயரையும் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். பத்து நிமிஷ வேலை. நான் காகிதத்தை மடித்து, “முடிஞ்சது, சமாதானமா வீட்டுக்குப் போங்க” என்றேன்.

ரகு சிரித்துக்கொண்டே எழுந்தார். சுதா எழவில்லை. “சீட்டு விஷயம் சரி மேடம். இந்த ஒரு மாசத்துல இவர் என்னைப் பத்திச் சொன்னதுக்கெல்லாம் எந்தக் கோர்ட்டுல அப்பீல் பண்றது?”

வாழையிலை வண்டி

முருகேசன் ஹனூர்க்காரர். மார்க்கெட்டுக்கு வாழையிலை ஏற்றி வருகிற மூன்று சக்கர வண்டி வைத்திருக்கிறார். முழு லோடு ஏற்றினால் சைக்கிள்காரன் முந்திப் போவான். அந்த வண்டி ஒரு பெரிய நெடுஞ்சாலையில் மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாகச் சீட்டு வந்தது. படத்தைப் பார்த்தால் வெள்ளைக் கார். எண்ணில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். கேமரா அதைத் தப்பாகப் படித்துவிட்டது. கைக்குழந்தைகூட இரண்டு வண்டிகளையும் பிரித்துச் சொல்லும். ஆனால் சீட்டு நிலுவையில் இருக்கும்வரை அவருடைய வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க மாட்டார்கள். சான்று இல்லாமல் வண்டி ஓடக் கூடாது. வண்டி ஓடாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

போக்குவரத்து போலீஸ் அலுவலகத்துக்கு முதல் தடவை போனோம். மனு கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். இரண்டாம் தடவை, மனு வந்து சேரவில்லை என்றார்கள். மூன்றாம் தடவை, வண்டியை நேரில் காட்டுங்கள் என்றார்கள். முருகேசன் அதைத் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். வெளியே வந்து பார்த்த அதிகாரி சுற்றி ஒரு வலம் வந்தார். மேலே கட்டியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், “இது அந்த வண்டி இல்லன்னு எனக்குத் தெரியுது மேடம். கம்ப்யூட்டருக்கும் தெரியணுமில்ல?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே ஒரு மணி நேரம் சட்டம் பேசினேன். பதினேழு நாள் வண்டி சும்மா நின்ற பிறகு சீட்டு ரத்தானது.

ரத்தான செய்தியைப் போனில் காட்டினேன். முருகேசன் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். சந்தோஷத்தில் எதையாவது எனக்குத் திருப்பிச் செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு. “ஏனுங்க மேடம், அந்த வெள்ளக் காருக்காரரு யாருன்னு தெரிஞ்சா உங்க நம்பரைக் குடுத்தர்றனுங்க. பாவம், இனி அவருக்கும் ஒரு வக்கீலு வேணுமில்லீங்க?”

ஐம்பது எந்த மொழி?

எல்லை தாண்டினால் சட்டமும் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு ஜவுளிக்காரர் என்னிடம் வந்தார். ஐம்பது பலகைக்கு எதிரிலேயே எழுபத்தெட்டில் போயிருக்கிறார். “எங்க பக்கம் இதெல்லாம் ஒரு ஸ்பீடே இல்லீங்க. நீங்களும் தமிழ், நானும் தமிழ், பார்த்துச் சொல்லி விடுங்க” என்றார். பார்த்துச் சொல்வதற்கு நான் யாருங்க என்றேன். கட்டிவிட்டுப் போங்கள் என்று மன்றாடினேன். கேட்கவில்லை. பலகை கன்னடத்தில் இருந்தது, தனக்குக் கன்னடத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, தெரியாத பாஷையில் எழுதியதற்கு எப்படித் தண்டம் போடலாம் என்பது அவருடைய வாதம். “எண் எல்லா ஊரிலும் எண்தானே” என்றேன். “பக்கத்துல என்னமோ எழுதியிருந்துச்சுங்க. ஐம்பதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு எழுதியிருக்குமோன்னு நெனச்சுட்டேன்” என்றார். இருபது வருஷமாகச் சரக்குக்காக மைசூருக்கு வந்து போகிறவர்.

கோர்ட்டில் நீதிபதி கன்னடத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன். ஜவுளிக்காரர் தமிழில் பதில் சொல்வார், நான் கன்னடத்தில் சொல்வேன். ஒவ்வொரு கேள்விக்கும் பச்சைக் குழந்தை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நடிப்பில் குறையே சொல்ல முடியாது. எனக்கே ஒரு கட்டத்தில் பாவமாகிவிட்டது. நீதிபதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலை நிமிராமல் தீர்ப்பைக் கன்னடத்தில் எழுதிக்கொண்டே, அபராதம் ‘சாவிர’, அதாவது ஆயிரம், என்றார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் என் கட்சிக்காரர் பதறிப்போய்க் கைகூப்பி, கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி, மைசூர்க்காரனே வெட்கப்படும் கன்னடத்தில் கெஞ்சினார்: “சாவிரா? ஸ்வல்ப கம்மி மாடி, ஸ்வாமி!”

ஹெல்மெட்

ஜெயந்தி கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். அவருடைய ஸ்கூட்டர் வீட்டு வாசலிலிருந்து திருட்டுப் போய் எட்டு மாதம். புகார் கொடுத்தார், அலைந்தார், விட்டுவிட்டார். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகப் பழகிக்கொண்டார். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு வேகச் சீட்டு வந்தது. அவர் வண்டி எண். நகரத்துக்குள்ளேயே ஒரு சாலை. அபராதச் சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளை என் அனுபவத்தில் அன்றுதான் பார்த்தேன். “மேடம், என் வண்டி உயிரோட இருக்கு!” என்று மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

சீட்டையும் பழைய புகாரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். படத்தில் இருந்த சாலையில் இரண்டு நாள் நின்று ஒரு கான்ஸ்டபிள் ஆளைப் பிடித்துவிட்டார். வண்டி கிடைத்துவிட்டது, இனி என்ன என்று நினைக்கிறீர்களா? இனிமேல்தான் இருக்கிறது. திருட்டு வழக்கு ஒரு மேஜையில், வேக அபராதம் இன்னொரு மேஜையில். இந்த மேஜைக்குத் திருடனைத் தெரியும், அந்த மேஜைக்கு வண்டிக்காரியை மட்டும்தான் தெரியும். திருடன் ஓட்டிய வேகத்துக்கு வண்டியைப் பறிகொடுத்தவள் கட்ட வேண்டியதில்லை என்பதை நிரூபிக்க இரண்டு மேஜைக்கும் நடுவில் நான் இரண்டு மாதம் நடந்தேன்.

அந்த இரண்டு மாதமும் ஜெயந்தி ஒரு வார்த்தை முனகவில்லை. ஒவ்வொரு தடவையும் சீட்டில் இருந்த படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். திருடன் மேல் அவ்வளவு கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எல்லாம் முடிந்து சாவியைக் கையில் வாங்கிய அன்று அந்தப் படத்தை என்னிடம் நீட்டினார். “பாருங்க மேடம், திருட்டுப்பய ஹெல்மெட்டு பட்டையைக்கூட ஒழுங்கா மாட்டியிருக்கான். நான் மூணு வருஷமாத் தொண்டை கிழியக் கத்தியும் எங்க வீட்டுக்காரரு தலையில அது ஏறவே இல்ல!”

கொள்கை

சந்தீப் கணினிக் கம்பெனியில் வேலை செய்கிற இளைஞர். முதல் நாளே சொல்லிவிட்டார்: “பணம் ஒரு விஷயமே இல்ல மேடம். இது கொள்கை.” இந்த வார்த்தையைக் கேட்டாலே மஞ்சண்ணா மாத்திரை டப்பாவைத் தேடுவார். சந்தீப் நாற்பது பக்கக் கோப்பு கொண்டுவந்திருந்தார். கேமராவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். அது மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தது. காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம், மழையில் ஒரு படம் எடுத்திருந்தார். உண்மையிலேயே நல்ல வழக்கு. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கே ஆசை வந்தது. ராத்திரி பகலாகப் படித்தேன். நான்கு வாய்தா தள்ளிப்போய், ஐந்தாவது தேதியில் வாதாட நேரம் கிடைத்தது.

அன்று நான் பேசிய மாதிரி என் ஆயுளில் பேசியதில்லை. பலகை கண்ணுக்குத் தெரிய வேண்டியது குடிமகனின் உரிமை என்றேன். மறைத்து வைத்துப் பிடிப்பது சட்டத்தின் நோக்கமல்ல என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சாதகமாகத்தான் வரப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. கடைசியாக அரசுத் தரப்பைப் பார்த்து, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார் நீதிபதி. அரசு வக்கீல் தன் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, “இந்த அபராதம் இருபது நிமிஷத்துக்கு முன்னால் கட்டப்பட்டுவிட்டதாகக் காட்டுகிறது” என்றார். நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி என்று அரசாங்கம் அறிவித்திருந்த சமயம் அது.

நான் திரும்பிப் பார்த்தேன். பின் பெஞ்சில் சந்தீப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். “சாரி மேடம். நீங்க ரொம்ப நல்லாப் பேசிட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன். தள்ளுபடிக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்.”

நூற்று முப்பத்தெட்டு

சில வழக்குகளில் ஜெயித்த பிறகுதான் தலைவலி தொடங்குகிறது. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், பெரிய கார். நூறு வரைக்கும் அனுமதி உள்ள சாலையில் நூற்று முப்பத்தெட்டு. நூற்று முப்பதைத் தாண்டினால் இப்போது வெறும் அபராதத்தோடு விடுவதில்லை, வழக்கே பதிவாகிறது. அவருக்கு அதில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. “ரோடு காலியா இருந்துச்சு மேடம்” என்று மட்டும் சொன்னார்.

இடத்தைப் பார்க்க நானும் மஞ்சண்ணாவும் போனோம். சாலையோரத்தில் இளநீர் விற்கிற ஒரு அம்மா இருந்தார். எதிர்ப்பக்க ஊரில் வீடு. தினமும் அந்தச் சாலையைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். “வண்டி தூரத்துல புள்ளி மாதிரி தெரியறப்பவே காலை எடுத்து வெச்சிருவேன்மா. பாதி ரோடு வர்றதுக்குள்ள அது பக்கத்துல நிக்கும்” என்று சொல்லிக்கொண்டே எனக்கு ஒரு காயைச் சீவிக் கொடுத்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் மஞ்சண்ணா பேசவில்லை. ஆனால் வழக்கை எடுத்தாகிவிட்டது. காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், வேகத்தை அளந்த கருவி சரியாக இருக்கிறது என்று வருஷா வருஷம் வாங்க வேண்டிய சான்றிதழ் அந்தத் தேதிக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. கருவி சொன்ன எண்ணை நம்ப முடியாது என்று வாதாடினேன். நீதிபதி என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறு வழியில்லாமல் விடுதலை செய்தார்.

கோர்ட்டு வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெரிய கார் உறுமிக்கொண்டு வந்து என் காலருகே நின்றது. கண்ணாடி இறங்கியது. என் முகத்தில் இருந்ததை அவர் களைப்பு என்று நினைத்துவிட்டார். “ஏறுங்க மேடம், தேவராஜ மொஹல்லாதானே? மூணே நிமிஷத்துல கொண்டு போய் விட்டுர்றேன்!”

செல்வம் ஓட்டிய வண்டி

செல்வம் ஹனூரில் டாக்ஸி ஓட்டுகிறார். அவர் என் எதிரில் உட்கார்ந்து சொன்ன முதல் வாக்கியத்தைக் கேட்டு நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். “வேகமாத்தான் போனனுங்க மேடம். இல்லைன்னு சொல்ல வரலீங்க.” பதினாறு வருஷத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள். அறுபது பலகை உள்ள இடத்தில் தொண்ணூற்று நான்கு. ஏற்கெனவே அவர் பெயரில் இரண்டு வேகச் சீட்டுகள் இருந்தன. விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று பின்சீட்டில் இருப்பவர்கள் விரட்ட விரட்ட ஓட்டியவை. மறுபடியும் குற்றம் உறுதியானால் லைசென்ஸையே பறித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அன்றைக்கு வண்டியில் இருந்தது ரேவதி என்ற பெண். கோபிநத்தம் பக்கத்துக் காட்டோரத்து ஊர். பிரசவ வலி வந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், குழந்தை குறுக்கே இருக்கிறது, உடனே மைசூருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வாசலில் செல்வத்தின் வண்டி நின்றது.

உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் வேகமாகப் போனார் என்பதுதான் என் வாதம். அதற்கு ரேவதியே சாட்சி சொன்னால் போதும். தேடிக் கண்டுபிடித்து வரவழைத்தேன். கையில் ஐந்து மாதக் குழந்தையோடு, புருஷனோடு வந்தாள். உள்ளதை உள்ளபடி சொல்லும்மா என்று மட்டும் சொன்னேன். உள்ளது என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளாதது என் முட்டாள்தனம். கூண்டில் ஏறினாள். நீதிபதி ஒரு பெண்மணி. கனிவாகத்தான் கேட்டார், வண்டி எப்படிப் போனது என்று. “மெதுவாத்தானுங்க போச்சு” என்றாள் ரேவதி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். “மெதுவாத்தானுங்க. அண்ணன் பதனமாத்தான் ஓட்டுனாரு.” அரசுத் தரப்பில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. வேகமாகப் போனேன் என்று ஒப்புக்கொண்டு நிற்கிறான் ஓட்டுநர். மெதுவாகத்தான் போனான் என்கிறாள் அவனுடைய சாட்சி. செல்வம் தலையைத் தொங்கப்போட்டுவிட்டார். நான் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து நீட்டினேன். அங்கே அனுப்பிய நேரம், இங்கே சேர்த்த நேரம், குழந்தை பிறந்த நேரம். நீதிபதி அவற்றை வாங்கி, நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை குழந்தையைப் பார்த்தார். குறைந்தபட்ச அபராதம் விதித்து, இனி கவனமாக இருக்கும்படி எச்சரித்தார். லைசென்ஸைத் தொடவில்லை. அதைத் திரும்ப வாங்கிய செல்வம் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்து மஞ்சண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் என் ஆத்திரமெல்லாம் ரேவதி மேல் பாய்ந்தது. “ஏம்மா, அவர் வேகமாப் போனதாலதானே இந்தக் குழந்தை இருக்கு? உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னது? அவரு சோத்துல மண்ணு விழ இருந்துச்சே!” என்று கத்தினேன். அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னை அதிசயமாகப் பார்த்தாள். “நான் எதுக்குங்கக்கா பொய் சொல்றேன்? மெதுவாத்தான் போனாரு. வழியில இருக்கற கொள்ளேகால் வந்து சேர்றதுக்குள்ளயே எனக்கு ஒரு வருசம் ஆயிருச்சுங்க!”

வேகத்தை அளக்க ஆயிரம் கருவி வந்துவிட்டது, அவசரத்தை அளக்க இன்னும் ஒன்றுகூட வரவில்லை என்பதால், என் மாடிப்படிக்குத் தேய்மானம்தான் அதிகம்.